மூளை வைத்திருக்கும் சீனிக் கணக்கு

திருகோணமலையின் நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கும் புறாத்தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக் வரை இத்தகைய பாறைகளின் இடுக்குகளில் வாழும் வேட்டைப் பிராணி கூம்புச் சங்கு. நத்தைக் குலத்தைச் சேர்ந்தது, வேகமும் நத்தையின் வேகம்தான். ஆனாலும் அதில் சில இனங்கள் மீனைத் தின்று வாழ்கின்றன. துள்ளி ஓடும் மீன் ஊர்ந்து போகும் நத்தையிடம் எப்படி அகப்படுகிறது? 2015இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஹெலீனா சஃபாவி ஹெமாமி, பால்டமேரோ ஒலிவேரா ஆகியோரின் குழு இதற்கு ஒரு விடை கண்டது. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற கூம்புச் சங்கின் நஞ்சில் இன்சுலின் இருந்தது. நத்தைகளின் உடலில் இயல்பாகச் சுரக்கும் இன்சுலினை விட, மீன்களின் இன்சுலினையே அது அதிகம் ஒத்திருந்தது.

அந்த இன்சுலினைச் செய்து வரிக்குதிரை மீன்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் இரத்தச் சீனி சடுதியாக விழுந்தது. நீரில் கலந்து விட்டபோது மீன்களின் நீச்சல் தளர்ந்தது. தசையில் காயமில்லை, செவுள் அசைகிறது, கண் திறந்திருக்கிறது. இரத்தத்தில் போதிய சீனி இல்லை என்பதால் மூளைக்கு எரிபொருள் வரவில்லை, அவ்வளவுதான். செயலிழந்து நிற்கும் மீனை நத்தை வாயை அகல விரித்து அப்படியே விழுங்கிவிடுகிறது.

இதே நிலை மனிதருக்கும் வரும். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் கடற்றொழிலாளி ஒருவர் பின்னேரம் குளிசையைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வள்ளத்தில் ஏறினால், நடுக்கடலில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும். கூட நிற்பவர்கள் கடல் மயக்கம் என்றோ குடித்திருக்கிறார் என்றோ நினைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவருடைய மூளை பட்டினியில் இருக்கிறது.

மனித மூளையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் அதற்கு வேண்டும். தசை தேவைப்பட்டால் கொழுப்பை எரித்துக்கொள்ளும், இதயமும் அப்படித்தான். மூளைக்கு அந்த வசதி குறைவு. பல நாள் பட்டினியில் ஈரல் தயாரித்துக் கொடுக்கும் கீட்டோன்களை அது ஏற்றுக்கொள்ளும் என்றாலும், வழமையான நாளில் குளுக்கோஸ்தான் அதன் உணவு. சேமித்து வைக்கவும் இடமில்லை. வளர்ந்த ஒருவரின் ஐந்து லீற்றர் இரத்தத்தில் எந்த நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் திரட்டினால் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். மூளை மட்டுமே அதை ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆகவே ஈரல் இரவும் பகலும் அந்தத் தேக்கரண்டியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு உயிர்ப்பிரச்சினையான ஒரு கணக்கை மூளை தன் கண்காணிப்புக்கு வெளியே விட்டு வைத்திருக்குமா? இன்சுலினைச் சுரப்பது சதையி, அதாவது கணையம். அது கெட்டால் நீரிழிவு வரும். பாடசாலையில் படித்த எவருக்கும் இவ்வளவு தெரியும். மூளைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். அறிவியல் உலகமும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. இத்தனைக்கும் மூளையைப் பற்றிய கண்டுபிடிப்பே முதலில் வந்தது.

1849இல் பாரிசில் குளோட் பெர்னார் ஒரு முயலின் மூளையடிவாரத்தில், நான்காம் மூளையறையின் தளத்தில், மெல்லிய ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சீனி வந்தது. முயலின் உணவில் மாற்றமில்லை, சதையியில் எவரும் கைவைக்கவில்லை. மூளையிலிருந்து நரம்பு வழியே போன ஒரு கட்டளை ஈரலைத் திறந்துவிட்டிருந்தது. ஈரல் தானே சீனியை உண்டாக்கும் உறுப்பு என்பதை அதற்கு முந்தைய ஆண்டு கண்டறிந்தவரும், 1857இல் ஈரலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தவரும் அவரேதான்.

பிறகு ஆராய்ச்சியின் போக்கு மாறியது. 1889இல் ஸ்ட்ராஸ்பேர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் நாயின் சதையியை அகற்றி, அதற்கு நீரிழிவு வந்ததைக் காட்டினார்கள். 1921இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது ஏற்றப்பட்டது, சாவின் விளிம்பில் இருந்தவன் பிழைத்தான். மருத்துவ வரலாற்றில் அதைவிடப் பெரிய வெற்றிகள் குறைவு. அந்த வெளிச்சத்தில் பெர்னாரின் முயல் மறைந்து போனது இயல்பே. நீரிழிவு சதையியின் நோய் என்று உலகம் முடிவுகட்டிக்கொண்டது.

மூளையைத் திரும்பவும் இந்தக் கதைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நமது பக்கத்து நாட்டுக்காரர். அவரது பெயர் இங்கே பெரிதாக அறியப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது. லாகூரில் பிறந்த பால் கிருஷ்ண ஆனந்த், டில்லியில் உடற்றொழிலியல் கற்பித்துக்கொண்டிருந்த மருத்துவர். உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜோன் புரோபெக்கோடு சேர்ந்து எலிகளின் மூளையில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதியை ஆராய்ந்தார். மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால் உள்ளே போனால் வரும் இடம் அது. ஒரு பாதாம் பருப்பு அளவே இருக்கும். அதன் பக்கவாட்டில் இருபுறமும் மிகச் சிறிய ஓரிடத்தை மட்டும் சிதைத்தபோது எலிகள் உண்பதை நிறுத்தின. எதிரே தீனி குவிந்து கிடக்கப் பட்டினியில் செத்தன. 1951இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்போடு ‘உண்ணல் மையம்’ என்ற கருத்து உடற்றொழிலியலுக்குள் நுழைந்தது. ஹைப்போதலமஸின் நடுப்புறத்தைச் சிதைத்தால் எலி அளவுமீறித் தின்று கொழுக்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பசியைத் தூண்டவும் அடக்கவும் மூளையில் தனித்தனி இடங்கள் உண்டு என்று இப்போது தெளிவானது.

ஆனால் அந்த இடங்களுக்கு உடலின் நிலை எப்படித் தெரிகிறது? இரைப்பை சொல்கிறதா, இரத்தம் சொல்கிறதா? ஆனந்த் டில்லிக்குத் திரும்பி, புதிதாகத் தொடங்கியிருந்த அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் உடற்றொழிலியல் துறையை உருவாக்கினார். அங்கே 1960களில் அவரும் சகாக்களும் ஒற்றை நரம்புக்கலத்தின் மின்துடிப்பைப் பதியும் நுண்மின்வாய்களை விலங்குகளின் ஹைப்போதலமஸுக்குள் செலுத்தினார்கள். பிறகு இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றினார்கள். நடுப்புறத்தில் இருந்த ‘போதும்’ மையத்தின் கலங்கள் வேகமாகத் துடித்தன. பக்கவாட்டில் இருந்த உண்ணல் மையத்தின் துடிப்பு அடங்கியது. இரத்தச் சீனி இறங்கியபோது நிலை தலைகீழானது. மூளைக்கலங்களே சீனியின் அளவை அறிகின்றன என்பதற்கு அது நேர்ச் சான்று. ஜப்பானில் யுட்டாக்கா ஊமுராவும் அதே பத்தாண்டில் இதே முடிவுக்கு வந்தார். அன்றைய கருவிகளைக் கொண்டு, சுதந்திரமடைந்து இருபது ஆண்டுகூட ஆகாத ஒரு நாட்டின் ஆய்வுகூடத்தில், உலகின் முன்வரிசையில் நிற்கும் வேலையை ஆனந்த் குழுவினர் செய்தார்கள்.

இதே ஆனந்த் குழுதான் 1961இல் ராமானந்த் என்ற யோகியைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் இருத்தி, அவருடைய ஒட்சிசன் செலவு வழமையான ஓய்வுநிலை அளவை விடக் குறைந்ததைப் பதிந்தது. உடலின் எரிப்பு வேகத்தை மூளை எவ்வளவு தூரம் மாற்ற முடியும் என்ற கேள்வி அவர்களை விடவே இல்லை.

இன்று தெரிவது இன்னும் வியப்பானது. ஹைப்போதலமஸில் சீனியை அறியும் கலங்களில் சில, சதையியில் இன்சுலினைச் சுரக்கும் பீற்றாக் கலங்கள் பயன்படுத்தும் அதே புரத வாயிலைப் பயன்படுத்துகின்றன. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற நீரிழிவு மாத்திரைகள் பீற்றாக் கலங்களில் போய் மூடுவது அந்த வாயிலைத்தான். மூளைக்கும் சதையிக்கும் சீனியை அளக்கும் முறை இந்த அளவுக்குப் பொதுவாக இருக்கிறது.

அறிவதோடு மூளை நிற்பதில்லை. நரம்புகள் வழியே ஈரல், சதையி, சிறுநீரகங்களின் தலையில் இருக்கும் அதிரனல் சுரப்பிகள் மூன்றுக்கும் அதன் கட்டளை போகிறது. அடுப்பில் இருந்து இறக்கிய பிட்டும் மீன் சொதியும் நாக்கில் பட்ட சில நிமிடங்களுக்குள், இரத்தச் சீனி ஏறுவதற்கு முன்பே, சதையி சிறிதளவு இன்சுலினைச் சுரந்துவிடுகிறது. வேகஸ் நரம்பு கொண்டுபோன செய்தி அது. சாப்பாடு வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே அறிவிக்கிறது.

எதிர்த்திசையில் அது இன்னும் கடுமையாக இயங்கும். இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராமுக்குக் கீழே போனதும் இன்சுலின் சுரப்பு நிற்கத் தொடங்கும். 70ஐ நெருங்கிக் கீழிறங்கும்போது குளுக்ககனும் அட்ரினலினும் சுரக்கும், ஈரல் தன் இருப்பை இரத்தத்தில் கொட்டும். 55 அளவில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி. அதற்கும் கீழே போனால் சிந்தனை குழம்பும், பிறகு வலிப்பு, மயக்கம். நோயாளி அஞ்சும் அந்த நடுக்கமும் வியர்வையும் உண்மையில் மூளை எழுப்பும் அபாயக்குரல்.

அந்தக் குரல் கேட்காமல் போகும் காலமும் வரும். அடிக்கடி சீனி இறங்கினால் மூளை அந்தத் தாழ்நிலைக்குப் பழகிவிடுகிறது. முன்பு 55இல் நடுங்கிய உடல் 45 வந்தாலும் அசையாது. வியர்வை இல்லை, படபடப்பு இல்லை, ஒரேயடியாக மயக்கம்தான். இன்சுலின் நீண்ட காலம் எடுப்பவர்களிடம் இது அதிகம். இரண்டு மூன்று வாரம் சீனி இறங்காமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால் உணர்வு பெருமளவு திரும்பி வரும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. நோயாளிகளுக்கு அவசியம் சொல்லப்பட வேண்டிய நல்ல செய்தி இது, ஆனால் கிளினிக்கின் அவசரத்தில் விடுபட்டுப் போகிறது.

மூளைக்குச் சீனியைக் காப்பது மனிதருக்கு மட்டுமான சிக்கல் அல்ல. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களும் கூட்டம் கூட்டமாகச் சுழன்று துள்ளும் ஓங்கில்களும் உண்டு. ஓங்கில்களுக்கும் உடல் அளவுக்குப் பெரிய மூளை. உணவோ மீன், அதில் மாச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்கக் கடற்படை வளர்த்த ஓங்கில்களின் இரத்தத்தைச் சோதித்த ஸ்டெஃபனி வென் வொட்சன் 2010இல் ஒரு புதுமையைத் தெரிவித்தார். இரவுப் பட்டினியில் அவற்றின் இரத்தம் நீரிழிவுக்காரரின் இரத்தம் போல மாறுகிறது, காலையில் இரை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடலின் மற்ற உறுப்புகள் சீனியை எடுக்காமல் தடுத்து, மூளைக்கு அதை ஒதுக்கிவைக்கும் ஏற்பாடாக இது இருக்கலாம் என்பது அவரது கருத்து. நோய் என்று மனிதர் அஞ்சும் நிலை அங்கே அன்றாடம் வந்து போகும் ஒழுங்காக இருக்கிறது.

மூளை கவனிப்பது இந்த நேரத்துச் சீனியை மட்டுமல்ல. உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதும் அதற்குத் தெரிய வேண்டும். 1994இல் நியூயோர்க்கின் ரொக்கெபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது. கொழுப்புக் கலங்கள் அதைச் சுரக்கின்றன, ஹைப்போதலமஸ் அதை வாசிக்கிறது. 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளின் இரத்தத்தில் லெப்டின் இல்லை என்பது தெரியவந்தது. எட்டு வயதுப் பிள்ளை 86 கிலோ, இரண்டு வயதுப் பிள்ளை 29 கிலோ. மூளைக்குச் செய்தி வராததால் உடல் பட்டினியில் கிடக்கிறது என்றே அது நம்பியது. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் மூத்த பிள்ளையின் அடங்காப் பசி அடங்கியது. அந்தக் குழந்தைகளை எவரெல்லாம் பெருந்தீனிக்காரர் என்று ஏசியிருப்பார்களோ தெரியாது. அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இன்சுலினும் மூளைக்குப் போகிறது. எலிகளின் ஹைப்போதலமஸில் இன்சுலினைச் செலுத்தினால் ஈரல் சீனி உண்டாக்குவதைக் குறைக்கிறது. நரம்புக்கலங்களில் இன்சுலின் ஏற்பியே இல்லாதபடி 2000ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட சுண்டெலிகள் கொழுத்தன, அவற்றின் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை. மனிதரிலும், மூக்கு வழியே தெளித்து மூளையை எட்டச் செய்த இன்சுலின் ஈரலின் சீனி உற்பத்தியைத் தணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் சோதித்தும் சீனி ஏறியிருக்கிறதே என்று கிளினிக்கில் குழம்பி நிற்பவர்கள் பலர். அந்தச் சீனி இரவு முழுக்க ஈரல் ஊற்றியது. ஈரலுக்குப் போகும் ‘போதும்’ என்ற கட்டளைகளில் ஒன்று மூளையிலிருந்து வருகிறது, அது பலவீனமாகியிருக்கலாம்.

மூளைக்குள் ஒரு கடிகாரமும் உண்டு. ஹைப்போதலமஸின் முன்பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்கள் சேர்ந்து அதை ஓட்டுகின்றன. கண்ணில் விழும் வெளிச்சம் அதற்கு நேரம் சொல்கிறது. விடியலுக்கு முன்பே கோர்ட்டிசோல் ஏறுகிறது, ஈரல் சீனியை விடுகிறது, எழுந்து நடக்க உடல் தயாராகிறது. இரவில் இன்சுலினின் வலு குறைகிறது. பகலில் உழைத்து இரவில் உறங்கியவர்களின் வாழ்க்கைக்கு அமைந்த ஒழுங்கு இது.

திருகோணமலை போன்ற துறைமுக மாவட்டத்தில் எத்தனை பேரால் அந்த ஒழுங்கில் வாழ முடிகிறது? பின்னேரம் புறப்பட்டு விடிய வந்து கரையேறும் வள்ளங்கள், துறைமுகத்திலும் சீனன்குடா ஆலைகளிலும் இரவுமுறை, முகாம்களில் காவல், ஆஸ்பத்திரி வார்டில் இரவு நிற்கும் தாதியர். உலகின் பெரிய மாவாலைகளில் ஒன்றான பிரிமா சீனன்குடாவில்தான் இருக்கிறது. அங்கே அரைபடும் கோதுமை மா பாணாகவும் ரொட்டியாகவும் கொத்தாகவும் நள்ளிரவுக் கடைகளில் பசியாற்றுகிறது, கூடவே நாலு கரண்டிச் சீனி போட்ட தேத்தண்ணி.

1999இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் கௌட்டரின் குழு ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டது. செலுத்திய குளுக்கோஸை இரத்தத்திலிருந்து அகற்றும் வேகம், நன்றாக உறங்கிய நாட்களோடு ஒப்பிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே வாரத்தில், இருபதுகளில் இருந்த ஆண்களுக்கு! 2009இல் ஹார்வர்டின் ஃபிராங்க் ஷேர், உறக்கத்தையும் உணவையும் உடற்கடிகாரத்துக்கு எதிராகத் திருப்பி வைத்துச் சோதித்தார். இன்சுலின் 22 சதவீதம் கூடுதலாகச் சுரந்தும் இரத்தச் சீனி 6 சதவீதம் ஏறியது, லெப்டின் 17 சதவீதம் விழுந்தது. தரவு முழுமையாகக் கிடைத்த எட்டுப் பேரில் மூவருடைய சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களின் அளவுக்குப் போனது.

இதே வரிசையில் 2021இல் வந்த ஆய்வுதான் உழைப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. சாரா செல்லப்பாவும் ஷேரும் 19 பேரை இரவுவேலை போன்ற சூழலில் வைத்தார்கள். ஒரு பகுதியினர் இரவிலும் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களின் குளுக்கோஸ் சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவே இல்லை. இரு பகுதியினரும் விழித்தது ஒரே நேரம், தின்ற அளவும் ஒன்றுதான். சிறிய ஆய்வு, கட்டுப்படுத்திய அறைக்குள் நடந்தது. ஆனாலும் இரவுமுறைக்குப் போகிறவர் பெரிய சாப்பாட்டைப் பொழுது சாய்வதற்கு முன் முடித்துக்கொண்டு, நடுச்சாமத்துக் கொத்து ரொட்டியைத் தவிர்ப்பதற்கு இது போதுமான காரணம். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்யக்கூடாது. மருந்தின் நேரத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் சீனி அபாயமாக இறங்கிவிடும்.

அடுத்தது, இந்த மண்ணில் எவரும் தவிர்த்துப் பேச முடியாத ஒன்று. அச்சம் வந்தால் மூளை ஈரலைத் திறக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ தசைகளுக்குச் சீனி வேண்டும். ஆபத்து நீங்கினால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் ஆபத்து ஆண்டுக்கணக்கில் நீண்டால்? திருகோணமலை மாவட்டம் மூன்று பத்தாண்டுப் போரைக் கண்டது. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவையும் மூதூரையும் கடல் அள்ளியது. 2006இல் மூதூர் மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். மனவடு ஆழமாக இருப்பவர்களுக்கு நீரிழிவு வருவதும் கூடுதல் என்பதற்கு வெளிநாட்டில் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்கத் தாதியர் ஏறத்தாழ 50,000 பேரை 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், மனவடுவின் அறிகுறிகள் மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

இங்கே அந்தக் கேள்வி பெரிதாகக் கேட்கப்படவில்லை. இலங்கையின் முதலாவது பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பு 2005 - 2006இல் பிரசாத் கட்டுலந்த தலைமையில் நடந்தது. வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாது என்று அது கண்டது. ஏழு மாகாணங்களில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் வடக்கும் கிழக்கும் இல்லை. போர் காரணம். எந்த மக்களின் மூளை மிக அதிகமாக அச்சத்தில் வாழ்ந்ததோ, அவர்களின் இரத்தம் சோதிக்கப்படவில்லை. 2018 - 2019இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்று வளர்ந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றது. இந்தப் பாய்ச்சலுக்கு உணவும் உடலுழைப்புக் குறைவும் முக்கிய காரணங்கள்தான். கிழக்கில் போரின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியாக ஆராய வேண்டிய கடமை நாட்டின் மருத்துவ பீடங்களுக்கு இருக்கிறது.

விரதப் பட்டினியும் இந்த மாவட்டத்தில் ஒரு வாழ்க்கை முறை. கோணேசர் கோயிலில் சிவராத்திரிக்கு உபவாசத்தோடு கண்விழிக்கும் அடியார்கள், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதமிருப்பவர்கள், ரமழான் முழுவதும் நோன்பு பிடிக்கும் கிண்ணியா, மூதூர், தோப்பூர் மக்கள். நலமான உடலுக்கு இது சிக்கலில்லை. ஈரலின் கிளைக்கோஜன் குறையக் குறைய மூளையின் கட்டளையில் ஈரல் புதிதாகச் சீனியைத் தயாரிக்கும், கொழுப்பு எரியும். மருந்து எடுக்கும் நீரிழிவுக்காரரின் நிலை வேறு. மாத்திரையோ இன்சுலினோ தன் பாட்டில் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும், மூளையின் எதிர்ப்பு அதற்கு ஈடுகொடுக்காது.

இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான் உட்பட 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் 2001இல் நடந்த எபிடயர் ஆய்வு, ரமழான் மாதத்தில் கடுமையான சீனி இறக்கம் முதலாம் வகை நீரிழிவில் 4.7 மடங்காகவும் இரண்டாம் வகையில் 7.5 மடங்காகவும் கூடியதைக் கண்டது. நோன்பைத் தடுப்பதற்காகச் சொல்லப்படும் தகவல் அல்ல இது. ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வைத்தியரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டால் பெரும்பாலானவர்களின் ஆபத்தைக் குறைக்கலாம். விரல்நுனியில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. அளவு 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை உடனே திறந்துவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் வழிகாட்டல் சொல்கிறது.

மூளையைக் குறிவைக்கும் மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. புரோமோகிரிப்டின் என்ற பழைய மருந்து மூளையின் டோபமின் வழியில் வேலை செய்வது. அதைக் காலையில் எடுத்தால் சீனி கட்டுப்படும் என்பதால் 2009இல் அமெரிக்கா அதை நீரிழிவுக்கு அனுமதித்தது. இப்போது உலகெங்கும் பேசப்படும் செமாகுளூட்டைட் ஊசி, சதையியோடு பின்மூளையிலும் ஹைப்போதலமஸிலும் போய்ப் பசியை அடக்குகிறது. 2016இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷ்வோர்ட்ஸின் குழு, நீரிழிவு வந்த சுண்டெலிகளின் மூளைக்குள் எப்ஜிஎப்1 என்ற புரதத்தை ஒரே ஒரு தடவை செலுத்தியபோது இரத்தச் சீனி வாரக்கணக்கில் இயல்பாக இருந்தது. மனிதரின் மூளைக்குள் ஊசி போடுவது அன்றாட மருத்துவமாகாது. ஆனால் சீனியின் அளவை எங்கே நிறுத்துவது என்ற தீர்மானத்தில் மூளைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதை அந்தச் சுண்டெலிகள் காட்டிவிட்டன.

அந்த மருந்துகள் எட்டும் விலைக்கு வரும் வரை செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியிலோ ஊர் வைத்தியசாலையிலோ கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பெயர்களோடு நான்கு விடயங்களையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்: இரவில் வேலையா, எத்தனை மணி நேர உறக்கம், கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்கு, போன மாதத்தில் எப்போதாவது நடுங்கி வியர்த்ததா. கேட்கப்படாவிட்டாலும் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் சீனியைப் பொட்டலம் கட்டி நனையாமல் வள்ளத்தில் வைத்திருங்கள். கூட வருபவருக்கு உங்கள் நோயைத் தெரியப்படுத்துங்கள். நடுக்கமோ குழறலோ வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து, கரையிலென்றால் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.